யார் அங்கீகரித்த படிப்பு?
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மயிலிட்டிப் பெண்பிள்ளைகளாகிய நாமும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு கேட்டபோது, சங்கத்தின் வரலாற்றையே எழுதலாம் என்று எண்ணினோம். எழுத உட்கார்ந்தபோதுதான் கைகளில் ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. 1990 ஜூன் நடுப்பகுதியில் மயிலிட்டியை விட்டு ஊரே எழும்பியபோது, நமது சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகள் பாடசாலை அலுமாரியிலேயே இருந்தன. உடுத்த உடுப்போடும் கையில் அகப்பட்ட பிள்ளைகளோடும் ஓடிய நாளில் குறிப்பேட்டை நினைத்தவர் யார்? 2017 ஜூலை 3 ஆம் திகதி துறைமுகமும் அதையொட்டி 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டு, 27 ஆண்டுகளின் பின் ஊர்மண்ணை மிதித்தபோது, பலருக்குத் தம் வீட்டு வளவின் எல்லையே பிடிபடவில்லை. குறிப்பேட்டை எங்கே தேடுவது?

ஆகவே வேறொரு வேலை செய்தோம். ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, மெல்பேர்ண், கொழும்பு, ஊர் என்று சிதறிக் கிடக்கும் நம்மவர்களைத் தொலைபேசியில் பிடித்து, பல்கலைக்கழகம் போன பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை நினைவிலிருந்து தயாரித்தோம். பெயர், போன ஆண்டு, எடுத்த படிப்பு ஆகிய மூன்றும் போதும் என்றோம். ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சில காலம் கலைப்பட்டதாரிகள் மட்டுமே வருகிறார்கள். சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பிறகு திடீரென்று விஞ்ஞானம், மருத்துவம், நுண்கலை என்று பெயர்கள் நெருங்கி வருகின்றன.

நம் பிள்ளைகளின் மூளை ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறைந்ததில்லை. படிப்பித்த ஆசிரியைகளும் அவர்களேதான். மாறியது வேறு. எந்தப் படிப்பு எங்கே நடத்தப்படும், யாருக்கு இடம், எந்த மொழியில், எத்தனை ஆண்டு என்பதை நமக்குத் தெரியாத ஏதோவொரு மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தீர்மானித்தார்கள். அந்த மேசை இடம் மாறியபோதெல்லாம் நமது பட்டியலும் மாறியது. அந்த மேசையின் கதையைத்தான் இங்கே சொல்கிறோம்.

இலண்டனில் எழுதிய பாடத்திட்டம்

நமது சங்கம் பிறந்த காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இருந்தது. ஆனால் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அங்கே படித்தவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத்தான் அமர்ந்தார்கள். பிற்காலத்தில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவிலும் அதே கதைதான். படிப்பிப்பது இங்கே, பாடத்திட்டத்தை அங்கீகரிப்பதும் வினாத்தாள் போடுவதும் அங்கே.

அதே 1921 ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். 1913 இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி அமைத்தவரும் அவரே. பரமேஸ்வரா ஒருநாள் பல்கலைக்கழகமாகும் என்பது அவரது விருப்பம். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களும் காணியும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு நமது கதைக்குள் திரும்பி வரும்.

பேராதனையும் இரவு வண்டியும்

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கட்டளைச்சட்டம் வந்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதலாவது துணைவேந்தரானார். அந்தச் சட்டத்தோடுதான் பேரவை, மூதவை என்ற இரண்டு சபைகளும் இந்த நாட்டுக்கு வந்தன. பேரவை ஆட்சிச் சபை. பணம், காணி, கட்டடம், நியமனம் எல்லாம் அதன் பொறுப்பு. மூதவை கல்விச் சபை. எதைப் படிப்பிப்பது, எப்படிப் பரீட்சிப்பது, யார் சித்தியடைந்தார் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. காசு வைத்திருப்பவர் பாடத்தைத் தீர்மானிக்கக் கூடாது, பாடம் தெரிந்தவர் காசைத் தன் எண்ணத்துக்குச் செலவழிக்கவும் கூடாது என்பதே இந்தப் பிரிவினையின் நோக்கம். நல்ல ஏற்பாடு. நம் வீடுகளிலும் அது இருந்தது. கடலால் வந்த காசை அப்பு எண்ணினாலும், உலையில் என்ன போடுவது என்பதை ஆச்சிதான் சொல்வாள்.

நமது பட்டியலின் ஆரம்பப் பெயர்கள் அநேகம் பேராதனைக் காலத்தவை. அந்த அக்காமார் காங்கேசன்துறையில் இரவு வண்டி ஏறி, பொல்காவலையில் இறங்கி, கண்டி வண்டிக்கு மாறி, விடியப் பேராதனை போய்ச் சேர்வார்கள். தகரப்பெட்டியும், வேப்பம்பூ வடகமும், ஒடியல் மாவும், கருவாட்டுப் பொட்டலமும் கூடப் போகும். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1960 ஐ அண்டி அங்கே கலைப்பீடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் விரிவுரைகள் தொடங்கின. அதுவரை ஆங்கிலம் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கே திறந்திருந்த கதவு, கடற்கரை வாடியிலிருந்து போன பிள்ளைக்கும் திறந்தது. நமது பட்டியலில் கலைப்பட்டதாரிகள் கூடுவது அதன் பிறகுதான். பயிற்றுமொழியை மாற்றிய ஒரு தீர்மானம் மயிலிட்டியில் எத்தனை வீடுகளுக்குள் எட்டியது என்று பாருங்கள்.

கேட்காமல் வந்த தீர்மானம்

இனிக் கசப்பான பகுதி. 1970/71 கல்வியாண்டுக்கான அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி 400 இற்கு 250. சிங்களமொழி மூல மாணவருக்கு 229. பேராதனைப் பொறியியலுக்கு 250 உம் 227 உம். பின்னர் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. விஞ்ஞானம் சார்ந்த படிப்புகளில் தமிழ் மாணவரின் பங்கு 1970 இல் ஏறத்தாழ 35 வீதமாக இருந்தது. 1975 இல் அது 19 வீதம். நமது பட்டியலில் வெறுமையாகக் கிடக்கும் ஆண்டுகள் இவைதான்.

நம்மில் ஒருவர், இன்று பேரப்பிள்ளைகள் கண்டவர், அந்த ஆண்டுகளில் பெறுபேறு வந்த நாளைச் சொன்னார். பாடசாலையில் முதலாவது பிள்ளை. அதிபர் அம்மா கட்டியணைத்தாராம். பிறகு அனுமதிப் பட்டியல் வந்தது, பெயர் இல்லை. “நான் குறைவாக எடுத்தேனா அம்மா?” என்று தாயிடம் கேட்டாராம். குறைவாக எடுக்கவில்லை என்பதை அந்தத் தாய்க்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவர் ஆசிரியையானார். இந்தக் கட்டுரையை எழுதுவோரில் இருவருக்குக் கணிதம் படிப்பித்தவர் அவர்தான்.

ஐம்பது ஆண்டு கழித்து எழுதும்போது நியாயமாகவும் எழுத வேண்டும். ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையையும் யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுப்பது சரியா என்ற கேள்வி பொய்க் கேள்வியல்ல. மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகளும் பயனடைந்தார்கள். நமது கரையோரப் பாடசாலைகளுக்கும் பட்டணத்துக் கல்லூரிகளுக்கும் இடையிலேயே அந்த வேற்றுமை இருந்தது. ஆனால் பின்தங்கிய இடத்துக்குக் கைகொடுப்பது ஒன்று. எழுதிய மொழியைப் பார்த்துப் புள்ளியை உயர்த்துவது இன்னொன்று. இதில் நாம் கவனிக்க வேண்டியது தீர்மானம் பிறந்த விதத்தை. அது படிப்பிப்பவர்கள் கூடி, ஆய்ந்து, மறுத்து, திருத்தி, மூதவையில் நிறைவேற்றிய கல்வித் தீர்மானம் அல்ல. அரசு எடுத்துப் பல்கலைக்கழகத்தின் கையில் கொடுத்தது. அதனால்தான் மாணவருக்கு விளக்கம் சொல்லவும் அங்கே ஒருவர் இருக்கவில்லை.

வளாகமாகி, பல்கலைக்கழகமாகி

1972 ஆம் ஆண்டின் சட்டம் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தது. ஒரே துணைவேந்தர். பழைய பல்கலைக்கழகங்கள் எல்லாம் வளாகங்கள் ஆயின. அந்த ஏற்பாட்டின் ஆறாவது வளாகமாகவே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 6 ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அதைத் திறந்து வைத்தார். பேராசிரியர் க. கைலாசபதி முதலாவது வளாகத் தலைவர். இராமநாதனின் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் ஒரு பகுதியும், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு இருந்த இடத்தில் விஞ்ஞானப் பகுதியும் இயங்கின. மாவட்ட ஒதுக்கீடு வந்த அதே ஆண்டில் வளாகமும் வந்தது. ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்தது போல் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல்கலைக்கழகம் திருகோணமலையிலா யாழ்ப்பாணத்திலா அமைய வேண்டும் என்ற நெடுநாள் வாதமும் அப்போது முழுதாக அடங்கியிருக்கவில்லை.

எப்படியோ, மயிலிட்டிக்கு அது பெரிய மாற்றம். பெண்பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்பத் தயங்கிய வீடு, திருநெல்வேலிக்கு அனுப்பத் தயங்கவில்லை. காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் விளக்கு வைக்க முன் வீட்டுக்கு வந்துவிடலாம். 1975 இல் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகமும் வளாகத்தோடு இணைந்தது. அதுவரை வீட்டில் வந்து சொல்லித் தரும் வித்தையாக இருந்த சங்கீதமும் நடனமும் பல்கலைக்கழகப் படிப்பாகும் வழி திறந்தது. 1978 இல் மருத்துவ பீடம் தொடங்கியது. நமது பட்டியல் நெருங்கி வருவது இங்கேதான்.

இருந்தாலும் வளாகம் வேறு, பல்கலைக்கழகம் வேறு. வளாகம் என்றால் படிப்பிப்பது இங்கே, முடிவான சொல் கொழும்பில். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அந்த ஒரே குடையை மடித்தது. 1979 ஜனவரி 1 ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனக்கென்று பேரவையும் மூதவையும் கொண்ட தனி நிறுவனமாயிற்று. அயலூரான தெல்லிப்பழையில் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதலாவது துணைவேந்தர். இலண்டனில் தொடங்கி, பேராதனை போய், கொழும்பு போய், மேசை கடைசியில் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது.

ஒரு கற்கைநெறி எப்படிப் பிறக்கிறது

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தில் படித்த நம்மவர் பலருக்கே இது தெரியாது. நமக்கும் தெரியாது. இப்போது கேட்டுத்தான் அறிந்தோம்.

புதிய கற்கைநெறி ஒன்று முதலில் ஒரு துறையில் எழுத்தாகிறது. என்ன படிப்பிப்பது, யார் படிப்பிப்பது, எத்தனை விரிவுரையாளர் தேவை, ஆய்வுகூடம் உண்டா, நூலகத்தில் நூல் உண்டா, படித்து முடித்தவருக்கு என்ன தொழில் என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். 2012 முதல் இலங்கைத் தகைமைச் சட்டகம் என்று ஓர் அளவுகோலும் வந்திருக்கிறது. அதன்படி ஓராண்டு முழுநேரப் படிப்பு 30 திறமைப்புள்ளி, ஒரு திறமைப்புள்ளிக்கு ஒரு மாணவர் 50 மணித்தியாலம் உழைக்க வேண்டும். சாதாரணப் பட்டத்துக்கு 90, சிறப்புப் பட்டத்துக்கு 120. வகுப்பில் இருக்கும் நேரம் மட்டுமல்ல, வீட்டில் விளக்கின் கீழ் இருந்து படிக்கும் நேரமும் இதற்குள் அடங்கும். நமது காலத்தில் அதை எண்ண ஆளிருக்கவில்லை.

துறையின் வரைவு பீடச் சபைக்குப் போகும். பீடாதிபதி தலைமை. அந்தப் பீடத்து ஆசிரியர்களோடு, மாணவர் தெரிவு செய்த இரு மாணவரும், பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து தெரிவாகும் சிலரும் அங்கே இருக்கச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அங்கிருந்து மூதவை. துணைவேந்தர், பீடாதிபதிகள், பேராசிரியர்கள், துறைத்தலைவர்கள், நூலகர், ஒவ்வொரு பீடத்திலிருந்தும் தெரிவான ஆசிரியர் என்று பெரிய சபை. மற்றப் பீடத்தவர் கேள்வி கேட்பது இங்கேதான். “இந்தப் பாடத்தை நாங்கள் ஏற்கனவே படிப்பிக்கிறோமே” என்று ஒருவர் சொல்வார். “கணிதம் இல்லாமல் இதை எப்படிப் படிப்பிப்பீர்கள்?” என்று இன்னொருவர் கேட்பார். திருப்பி அனுப்பப்படும் வரைவுகளும் உண்டு. அது அவமானமல்ல. மூதவைக்குப் பிறகு பேரவை. அங்கே உள்ளே இருப்பவர்களிலும் பார்க்க வெளியிலிருந்து நியமிக்கப்படுவோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். பிறகு கொழும்பில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. புதிய பீடமோ துறையோ என்றால் ஆணைக்குழுவின் விதந்துரையின் பேரில் அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில் வரவேண்டும். ஆளணிக்குத் திறைசேரியின் சம்மதமும் வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான், உயர்தரம் எழுதிய பிள்ளை புரட்டும் அனுமதிக் கைந்நூலில் அந்தப் படிப்பின் பெயர் ஏறும்.

இந்தச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்தது. கல்வி சார்ந்த எந்த விடயத்திலும், மூதவை தன் கருத்தைப் பதிந்து அனுப்ப வாய்ப்புக் கொடுக்காமல் பேரவை தீர்மானம் எடுக்க முடியாது. பேரவை மூதவைக்கு உடன்பட்டே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் கேட்டே ஆகவேண்டும். 1970 இல் நமது அக்காமாருக்குக் கிடைக்காதது இந்த ‘கேட்டல்’தான்.

ஒன்றையும் மறைக்கவில்லை. இந்த வழி நீண்டது. வரைவு எழுதிய ஆசிரியர் இளைப்பாறிய பிறகு அங்கீகாரம் வருவதும் உண்டு. மேசை திருநெல்வேலிக்கு வந்தாலும் எல்லாம் வரவில்லை. மாணவரைத் தெரிந்தெடுத்து அனுப்புவது இன்றும் ஆணைக்குழுதான். துணைவேந்தரை நியமிப்பது நாட்டின் ஜனாதிபதி. பேரவை மூன்று பெயர்களை அனுப்பலாம், அவ்வளவே. பொறியியலுக்கு 250 புள்ளி கேட்ட 1970 ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கில் ஒரு பொறியியல் பீடம் கிளிநொச்சியில் மாணவரை ஏற்றது 2014 இல். 44 ஆண்டு.

விளக்கில் நடந்த பல்கலைக்கழகம்

நமது ஊர் அகதியான காலத்தில் பல்கலைக்கழகத்தின் நிலையும் அதுவே. 1987 ஒக்டோபரில் வளாகத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி உடற்கூற்றியல் துறைத்தலைவர் ராஜினி திரணகம, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டத்தில் எழுந்து பேசக்கூடிய, உண்மையை எழுதிவைக்கக்கூடிய ஒரு பெண்ணை அந்த மேசை இழந்தது. மயிலிட்டி இடம்பெயர்ந்த 1990 ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. துரைராஜா துணைவேந்தர். கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். மின்சாரம் அற்றுப்போன குடாநாட்டில், மல்லாகத்துக் கோணப்புலம் முகாமிலிருந்தும் சுன்னாகத்து உறவினர் வீட்டுத் திண்ணையிலிருந்தும் நமது தங்கைமார் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, ஏற்கனவே அகதியாக இருந்த நாம் இரண்டாம் முறை அகதியானோம்.

அந்தக் காலத்தில் கூட்டமும் குறிப்பும் ஏன் வேண்டும் என்று கேட்கத் தோன்றும். பதிலை நமது பட்டியலில் உள்ள ஒருவர் சொன்னார். அவர் அந்த ஆண்டுகளில் பட்டம் பெற்று, பின்னர் இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர். அங்கே கேட்ட முதல் கேள்வி, “போர்க்காலப் பட்டமா?” என்பதல்ல. பரீட்சைச் சபை கூடியதா, பெறுபேற்றை மூதவை உறுதி செய்ததா, பாடத்திட்டம் அங்கீகாரம் பெற்றதா என்பவையே. எல்லாவற்றுக்கும் தாள் இருந்தது. ஷெல் விழுந்த ஊரில் யாரோ கூட்டம் வைத்து, யாரோ குறிப்பு எழுதி, யாரோ கையொப்பம் இட்டிருந்தார்கள். அதனால் அவரது பட்டம் பட்டமாகவே நின்றது. நமது சங்கத்தின் குறிப்பேடு தொலைந்ததன் நட்டம் அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அதே காலத்தில் இன்னொரு கிளையும் விட்டது. 1991 இல் வவுனியாவில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்தது. யாழ்ப்பாணம் 1979 இல் கொழும்பிடமிருந்து பெற்றதை வவுனியா யாழ்ப்பாணத்திடமிருந்து பெற்றது. தாய்வீட்டுக்குப் பெருமைதான்.

மேசையில் பெண்கள்

2011 இல் உயிரிரசாயனவியல் பேராசிரியை வசந்தி அரசரட்ணம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2017 வரை மூதவைக்கும் பேரவைக்கும் தலைமை வகித்தார். இன்று நாடு முழுவதும் பல்கலைக்கழகம் செல்வோரில் ஐந்தில் மூவருக்கு மேல் பெண்பிள்ளைகள். வகுப்பில் நிறைந்திருக்கிறோம். மேசையில் அப்படியில்லை. பேராசிரியர், பீடாதிபதி என்று படி ஏற ஏறப் பெண்கள் குறைவதை உள்ளே வேலை செய்யும் நம்மவர்களே சொல்கிறார்கள்.

விஞ்ஞான பீடத்தில் இன்று கடற்றொழில் பற்றிப் படிப்பிக்க ஒரு துறையே இருக்கிறது. வலை பொத்திய, கருவாடு போட்ட, விடிய முன் கரையில் மீன் கூறிய பெண்களின் பேத்திகள் அதே கடலைப் பட்டத்துக்குப் படிக்கலாம். நமது ஆச்சிமாருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “எங்களிடம் கேட்டிருந்தால் சும்மா சொல்லித் தந்திருப்போமே” என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. அந்தப் பாடத்திட்டம் திருத்தப்படும்போது, கரையில் நிற்கும் பெண்ணுக்கு என்ன தெரியும் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். கேட்பதற்கு அந்தக் கூட்டத்தில் ஆள் வேண்டும்.

நமக்கு உள்ள வேலை

வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகள் கொடுப்பதில் குறை வைத்ததில்லை. கட்டடம், கணினி, புலமைப்பரிசில் எல்லாம் கொடுத்தீர்கள், இன்னும் கொடுக்கிறீர்கள். ஆனால் இந்தக் கதை சொல்வது வேறொன்றையும் சேர்த்துத்தான். நமது பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்பது அவர்கள் பரீட்சை எழுத முன்னரே, பல ஆண்டுகளுக்கு முன்னரே, கூட்டங்களில் தீர்மானமாகிறது. அந்தக் கூட்டங்களுக்குக் காசு மட்டும் போதாது. ஆள் வேண்டும், அறிவு வேண்டும், பொறுமை வேண்டும். நம்மில் மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், விரிவுரையாளர், தாதியர் எத்தனை பேர். பேரவையிலும் பீடச் சபைகளிலும் வெளியார் என்று சட்டம் வைத்திருக்கும் ஆசனங்கள் நம் போன்றவர்களுக்குந்தான். பாடத்திட்ட மீளாய்வுக்குக் கருத்துக் கேட்டு உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தால், நேரமில்லை என்று தள்ளிவிடாதீர்கள். 1970 இல் யாரும் நம்மிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

வீட்டு வேலையும் ஒன்றுண்டு. இம்மலருக்காகத் தயாரித்த பெயர்ப்பட்டியலை ஒரு புதிய குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம். இன்னும் பல பெயர்கள் விடுபட்டிருக்கும். உங்கள் பெயரோ உங்கள் அக்காவின் பெயரோ இல்லையென்றால், போன ஆண்டையும் எடுத்த படிப்பையும் எழுதி அனுப்புங்கள். இடம் கிடைக்காமல் போனவர்களின் பெயரையும் அனுப்புங்கள். எந்த ஆண்டில் எதற்கு விண்ணப்பித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அவர்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கணிதம் படிப்பித்த நமது அக்காவின் பெயரே அதில் முதலாவது.

குறிப்பேட்டுக்கு இம்முறை மூன்று படிகள். ஒன்று மயிலிட்டியில், ஒன்று கொழும்பில், ஒன்று கடல் கடந்து. இனி ஓட வேண்டி வந்தாலும் மூன்றும் ஒன்றாகத் தொலையாது.